ஐந்து துண்டுகளாய் ஒரு வண்டி

நடக்க இயலாதவர்கள் அமர்ந்து ஓட்டும் பற்றறி ஸ்கூட்டர்களை இப்போது வன்னியிலும் இடைக்கிடை காணக் கிடைக்கிறது. பெரும்பாலும் வெளிநாட்டு உறவினர் அனுப்பியவை. எங்கள் வீட்டில் இருப்பதும் அப்படித்தான். லண்டனிலுள்ள மச்சாளின் தாயார் பாவித்தது. அவர் காலமான பின்னர், 2019 இல் கப்பல் பொதியாக எங்களிடம் வந்து சேர்ந்தது. சிவப்பு நிறம், நான்கு சின்னச் சில்லுகள், முன்னுக்கு ஒரு கூடை.

அக்காவுக்காகத்தான் அது வந்தது. 2009 பெப்ரவரியில் அக்காவின் வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. புதுமாத்தளன் கரையில் நான்கு பேர் ஒரு படுக்கை விரிப்பின் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கி வள்ளத்தில் ஏற்ற, வள்ளத்திலிருந்து செஞ்சிலுவைக் குழுவின் கப்பலுக்கு வேறு ஆட்கள் தூக்க, திருகோணமலையில் மறுபடி தூக்கி இறக்க, அவ்விதம் போய் உயிர் தப்பியவர். பிறகு செயற்கைக் கால் பொருத்தினார்கள். ஐம்பது வயது கடந்து சலரோகமும் சேர, கால் மாட்டும் இடம் புண்ணாகத் தொடங்கியது. இப்போது அரை மணித்தியாலத்துக்கு மேல் அதைப் போடுவதில்லை.

ஸ்கூட்டர் வந்த பின் கடைக்கும் வாசிகசாலைக்கும் சங்கக் கூட்டத்துக்கும் தானே போய் வருவார். ஆனால் ஊர் எல்லையோடு சரி. அதற்கப்பால் என்றால் யாராவது அவரைக் காரிலிருந்து தூக்கி, போகும் இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்திவிட வேண்டும். விழா முடியுமட்டும் அந்தக் கதிரைதான். 2023 வைகாசியில் வற்றாப்பளை அம்மனிடம் போவோம் என்று நான் கேட்டபோது, "என்னை இனி ஒருத்தரும் தூக்கவேண்டாம். வண்டியைத் தூக்குங்கோ, நான் வாறன்" என்றார்.

வாடகைக் கார்க்காரத் தம்பி பார்த்தவுடனேயே கையை விரித்தார். "அக்கா, இது காருக்குள்ள போகாது. லாண்ட்மாஸ்டர் பிடியுங்கோ." உண்மையில் இவ்வகைச் சிறிய ஸ்கூட்டர்கள் காரில் ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. கழற்றுவதற்கு ஒரு ஆயுதமும் தேவையில்லை. வைத்திருக்கும் பலருக்கு இது தெரியாதபடியால் நாங்கள் செய்யும் ஒழுங்கை எழுதுகிறேன். வண்டிக்கு வண்டி சிறு வேறுபாடு இருக்கும்.

முதலில் திறப்பை நிற்பாட்டி எடுத்து, சேலைத் தலைப்பிலோ பையிலோ பத்திரப்படுத்த வேண்டும். அடுத்தது கூடை. பிறகு இருக்கை. அதன் கீழே உள்ள லீவரைப் பிடித்துக்கொண்டு மேலே இழுத்தால் குழாயிலிருந்து கழன்று வரும். இருக்கைக்குக் கீழே இருப்பது பற்றறிப் பெட்டி. கைபிடியில் பிடித்து நேராகத் தூக்க வேண்டும். உள்ளே 12 வோல்ட் பற்றறிகள் இரண்டு இருப்பதால் பாரம்தான். கைபிடித் தண்டை முன்பக்கமாக மடித்துவிட்டால், முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் கொளுக்கி தெரியும். அதை விடுவித்தால் வண்டி இரண்டாகும். ஆகப் பாரமானது மோட்டார் உள்ள பின்பகுதி. எங்களுடையதை நெல் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தோம், 14 கிலோ. இடுப்பை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடித்துக் குந்தி, உடம்போடு அணைத்து எழும்ப வேண்டும். தண்ணீர்க் குடம் தூக்கிய எங்களுக்கு இது புதுப் பாடமில்லை.

பின்பகுதியையும் பற்றறியையும் டிக்கியில் வைத்தோம். அடியில் இரண்டு பிளைவுட் தட்டுகள். காரணம் பின்னால் சொல்கிறேன். முன்பகுதி பின் ஆசனத்துக்கு முன்னே கிடந்தது. இருக்கையை என் மகள் மடியில் வைத்துக்கொண்டாள். கார்க்காரத் தம்பி ஒன்றும் பேசவில்லை.

பரந்தன் முல்லைத்தீவு வீதியால் போனோம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. 2009 இல் ஒவ்வொரு இடமாக மூட்டை கட்டி நகர்ந்த அதே வீதி. அக்கா முன் ஆசனத்தில் இருந்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நாங்களும் கதை கொடுக்கவில்லை.

கோயிலடியில் இறங்கிப் பூட்டும்போது ஆட்கள் கூடிவிட்டார்கள். பூட்டுவது கழற்றியதன் மறுதலை: முன்பகுதி, பின்பகுதி, பற்றறி, இருக்கை, கூடை. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பின்சில்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறு லீவர் உண்டு. வண்டியைக் கையால் தள்ளுவதற்காக அதை விடுவித்தால் மோட்டாரோடு பிரேக்கும் விடுபட்டுவிடும். ஆள் ஏறுமுன் அதைத் திரும்பப் பூட்டாவிட்டால், சரிவான இடத்தில் வண்டி ஆளோடு உருண்டுவிடும். மற்றது இருக்கை. கையால் ஆட்டி இழுத்துப் பார்த்து, இறுகியிருக்கிறது என்று கண்ட பின்புதான் இருக்க விடவேண்டும். அக்கா இரண்டையும் தானே பார்த்தார். எங்களை நம்பாமல் இல்லை. அது அவருடைய வண்டி.

தார் வீதியில் நன்றாக ஓடியது. மணலில் சின்னச் சில்லுகள் புதையும். உதவிக்கு வந்த பெடியள் "அம்மாவைத் தூக்கிக்கொண்டு போறம்" என்று ஆயத்தமானார்கள். "வேண்டாம் தம்பியவை, பலகையைப் போடுங்கோ" என்றார் அக்கா. பிளைவுட் தட்டு ஒன்றில் வண்டி நிற்க, மற்றதை முன்னால் போட்டு, ஏறியதும் பின்னதை எடுத்து மீண்டும் முன்னால் போட்டோம். வாசல் வரைக்கும் இருபது நிமிடம் எடுத்தது. வலது குறைந்தோர் உரிமைச் சட்டம் 1996 இல் வந்தது. பொது இடங்களில் அவர்கள் சென்றுவரும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. அரச கந்தோர்கள் பலவற்றிலேயே இன்னும் படிதான் இருக்கிறது. கோயில் மணலை யார் குறை சொல்வது?

வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ஓடாமல் சும்மா விட்டாலும் ஈயப் பற்றறிக்கு இடைக்கிடை மின் ஏற்ற வேண்டும். வெறுமையாய்க் கிடந்தால் பழுதாகிவிடும். மாற்றுவதானால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். கனடாவிலிருந்து வந்த வண்டி என்றால், சார்ஜரில் 230 வோல்ட் எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் செருகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ரோச்லைட்டை மகள் பிடிக்க, இந்த முறை கார்க்காரத் தம்பி தானாகவே கழற்றினார், என்னிலும் பார்க்க வேகமாக. அக்கா காரின் முன் ஆசனத்தில் இருந்து, திறந்த கதவால் எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"அஞ்சும் ஏறிட்டுதோ?"

"ஏறிட்டுது அக்கா."

"திறப்பு?"

அவரது மடியிலேயே இருந்தது.