ஆகும்பே மலையில் பாம்புகளைத் தேடி

‘பாம்பென்றால் படையும் நடுங்கும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தப் பாம்பைத் தேடிக்கொண்டு, கொட்டும் மழையில், கையில் விளக்கும் தோளில் புகைப்படக் கருவியுமாகக் காட்டோரச் சாலைகளில் நடப்போர் இன்று நம் நாட்டில் இருக்கின்றனர். பிடிப்பதற்கோ கொல்வதற்கோ அன்று. கண்டு, படமெடுத்து, மகிழ்ந்து திரும்புவதற்கே. ஆங்கிலத்தில் இதனை ‘ஹெர்ப்பிங்’ என்கின்றனர். ஊர்ந்து செல்லும் உயிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இவ்விருப்பம் கொண்டோர் பெரிதும் நாடிச் செல்லும் ஊர்களுள் ஒன்று, கருநாடக மாநிலத்திலுள்ள ஆகும்பே.

சிவமொக்கா மாவட்டம் தீர்த்தஹள்ளி வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில், ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர் இது. உடுப்பியிலிருந்து செல்வோர் எப்ரி, சோமேசுவரம் ஆகிய ஊர்களைக் கடந்து, 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இவ்வூரை அடையலாம். ஆண்டொன்றுக்கு இங்கே பெய்யும் மழை 7,000 மில்லிமீட்டருக்கும் மேல். சென்னை மாநகர் பெறுவதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆர். கே. நாராயணின் ‘மால்குடி’ கதைகள் 1980-களில் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்பட்டபோது, மால்குடியாக வேடம் பூண்டது இவ்வூரே. ஓட்டு வீடுகளும், பாக்குத் தோட்டங்களும், அவற்றைச் சூழ்ந்த அடர்ந்த காடும் இன்றும் அக்காட்சியை நினைவூட்டுகின்றன.

இம்மழைக்காட்டின் பெருமைக்குரிய உயிர் இராஜநாகம். உலகின் நச்சுப் பாம்புகளுள் மிக நீளமானது இதுவே. பிற பாம்புகளே இதற்கு முதன்மையான உணவு. பெண் நாகம் உதிர்ந்த இலைகளைத் தன் உடலால் வளைத்துக் குவித்துக் கூடு கட்டி, அதனுள் முட்டையிட்டு, அருகிலிருந்து காவல் காக்கும். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் 1971-இல் இங்கே முதன்முதலாக ஓர் இராஜநாகத்தைக் கண்டார். அந்த நினைவு மறையாமலிருந்ததால், 2005-இல் இங்கே மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையமொன்றை அமைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் இராஜநாகம் தனி இனம் என்று 2024-இல் அறிவியலார் பிரித்துக் காட்டி, ‘காளிங்கா’ என்று பெயரிட்டனர். மண்ணின் மக்கள் காலங்காலமாக அழைத்து வந்த பெயரே அறிவியல் பெயராகிவிட்டது.

அம்மக்களின் பண்பு நம் சிந்தனைக்குரியது. விறகுக் குவியலிலோ கிணற்றடியிலோ இராஜநாகம் தென்பட்டால், அவர்கள் தடியைத் தேடுவதில்லை. நாகத்தை வணங்கும் மரபினர் ஆதலால் கொல்ல மனம் வருவதில்லை. விலகி நிற்பர், தானாகப் போய்விடுமா என்று பார்ப்பர், போகாவிடில் பயிற்சி பெற்றோரை அழைப்பர். அச்சம் அவர்களுக்கு இல்லாமலில்லை; அச்சத்தோடு பொறுமையும் இருக்கிறது.

ஒரு ஜூலை மாதத்தில், நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் இருவருடன் நாம் அங்கே சென்றிருந்தோம். இரவு எட்டு மணிக்கு மழை சற்று ஓய்ந்தது. முழங்கால் வரை ரப்பர் காலணி அணிந்து, உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் பின்னே ஒற்றை வரிசையாக நடந்தோம். தவளைகளின் ஒலி காதை அடைத்தது. அட்டைகள் காலணியின் மேல் ஏறிக்கொண்டிருந்தன. வழிகாட்டி ஒரு மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர்கூட நடக்கவில்லை. ஒவ்வொரு புதரின் முன்னும் நின்று, விளக்கொளியைக் கிளை கிளையாகச் செலுத்தினார். “பாம்பைத் தேடாதீர்கள், கிளைக்குப் பொருந்தாத வளைவைத் தேடுங்கள்” என்றார். அந்தச் சொல்லுக்குப் பின்னரே நம் கண்ணுக்கும் புலப்படத் தொடங்கிற்று.

இடுப்புயரக் கிளையொன்றில் மலபார் குழிவிரியன் சுருண்டிருந்தது. பாசி படர்ந்த மரப்பட்டையின் நிறமே அதன் நிறம். இவ்வினத்தில் பச்சை, பழுப்பு, மஞ்சள் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வண்ணத்தில் இருக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள சிறு குழியால், இரையின் உடற்சூட்டை இருளிலும் அது உணர்கிறது. தவளையோ பல்லியோ வரும்வரை ஒரே இடத்தில் பல நாள் அசையாமல் காத்திருக்கும் இயல்புடையது.

பாம்பின் தலையை ஓர் இலை மறைத்திருந்தது. மாணவர்களில் ஒருவர், “அண்ணா, அந்த இலையை மட்டும் ஒரு குச்சியால் விலக்கலாமா?” என்று வழிகாட்டியைக் கேட்டார். அவர் தலையசைத்து மறுத்தார். “அது தேர்ந்தெடுத்த இடம் இது. நாம் கலைத்தால் போய்விடும். பருந்தின் கண்ணில் படலாம், பட்டினியும் கிடக்கலாம். உங்களுக்கு வேண்டியது ஒரு படம்தானே?” என்றார். மாணவர் முகம் வாடினார், எனினும் கீழ்ப்படிந்தார். அரை மணி நேரம் காத்திருந்தோம். பாம்பு அசையவில்லை. இலையின் ஓரத்தில் ஒற்றைக் கண் மட்டும் தெரியும் படமே அவருக்குக் கிடைத்தது. மறுநாள் இரவு அதே கிளையில், அதே சுருளில், அது இருக்கக் கண்டோம்.

இப்பொழுதுபோக்கின் அறம் முழுவதும் அந்த ஓர் இலையில் அடங்கியிருக்கிறது. கொக்கியால் இழுத்துக் கல்லின்மேல் வைத்துப் படமெடுப்போர் உண்டு. படமெடுத்து ஆடவேண்டுமென்று நாகத்தைச் சீண்டுவோர் உண்டு. இருக்குமிடத்தைக் கைப்பேசி வழியே ஊரறியச் செய்து, கூட்டத்தைத் திரட்டுவோரும் உண்டு. காட்டுப் பாம்பை அனுமதியின்றிப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். உயிருக்கும் ஆபத்தாகும். நம் மருத்துவமனைகளில் உள்ள நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகச் செய்யப்படுவது. மலைக்காட்டுக் குழிவிரியன்களின் கடிக்கு அம்மருந்தை நம்பியிருக்க இயலாது. ஆகவே தொடாதிருப்பது பாம்புக்குச் செய்யும் தயவு மட்டுமன்று. நம்மைப் பெற்றவர்களுக்குச் செய்யும் கடமையுமாகும்.

அந்த மருந்து பிறக்கும் வழியிலும் நம் தமிழகத்துக்குப் பங்குண்டு. பாம்புத் தோல் வாணிபத்துக்குத் தடை வந்தபின் வாழ்வழியின்றி நின்ற இருளர் மக்கள், 1978-இல் விட்டேக்கரின் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அவர்கள் பாம்புகளின் நஞ்சைக் கறந்து, பின்னர் அவற்றைக் காட்டிலேயே விட்டு வருகின்றனர். அந்த நஞ்சிலிருந்தே நச்சுமுறி மருந்து தயாராகிறது.

பெற்றோர்க்கு ஒரு சொல். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். ஆதலால், “பாம்பைப் படமெடுக்கப் போகிறேன்” என்று மகனோ மகளோ கூறினால் நம் வயிறு கலங்குவது இயற்கையே. தடுக்கத் தேவையில்லை, நிபந்தனை விதியுங்கள். தனியே போகக் கூடாது. அறிந்த வழிகாட்டியும் வனத்துறையின் அனுமதியும் வேண்டும். கால்களை மூடும் காலணி வேண்டும். இரண்டு மீட்டர் தொலைவுக்குள் நெருங்கலாகாது. கடித்துவிட்டால் கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பயணம் போக இயலாதவர்களுக்கும் பயன் உண்டு. இரவில் கைவிளக்கின்றி வெளியே செல்லாத பழக்கத்தை அப்பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு வருவர். புழக்கடையில் எலி தேடி வரும் சாரையைக் கண்டதும் அடித்துக் கொல்லாமல், விலகி நின்று, அது வேலி தாண்டும்வரை பார்த்திருக்கத் தம்பி தங்கையருக்குக் கற்றுக் கொடுப்பர். நம்முடன் வந்த மாணவரின் வீட்டில் ஒற்றைக் கண் தெரியும் அந்தப் படம் இப்போது சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்குகிறது. பார்ப்போர் எல்லாரும் முதலில் இலையைத்தான் காண்கின்றனர். சற்று நின்று பார்ப்பவர்களே பாம்பைக் காண்கின்றனர்.