கிறவல்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ‘கிறவல்’ என்பது தேர்தல் காலத்துச் சொல். ஐந்து வருடமாகக் குழியும் சேறுமாகக் கிடந்த ஒழுங்கையில் திடீரென ஒரு காலையில் செம்மண்ணும் சரளையும் குவியல் குவியலாகக் கிடக்கும். வாக்களிப்புக்கு முன்னர் அதைப் பரப்பிவிடுவார்கள். அடுத்த மழையில் அது கானுக்குள் போய்ச் சேரும். ஆகவே, கிறவல் ரோட்டில் ஓடுவதற்கென்றே வெளிநாடுகளில் தனியாக ஒரு சைக்கிள் செய்கிறார்கள், அதை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள் என்று நான் சொன்னபோது என் மச்சான் நம்பவேயில்லை.

“நல்ல ரோட் இருக்கிற நாட்டுக்காரன் பள்ளத்தத் தேடிப் போறானா?” என்றார்.

போகிறான். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள பண்ணைப் பாதைகளில் 2006 இல் ஒரு சிறு கூட்டம் இருநூறு மைல் தூரம் ஓடிப் பார்த்தது. இன்று அங்கே வருடந்தோறும் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். 2022 இல் இத்தாலியில் இதற்கென முதலாவது உலகச் சம்பியன் போட்டியும் நடந்தது. சைக்கிளில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. பந்தயச் சைக்கிளின் வளைந்த ஹேண்டில், நாற்பது மில்லிமீற்றர் அளவில் அகன்ற டயர், மலையேற இலகுவான கியர், இறக்கத்தில் கைகொடுக்கும் டிஸ்க் பிரேக். தார் ரோட்டுச் சைக்கிளுக்குக் காற்றை இறுக அடிப்போம். இதற்கு அதன் பாதிகூட வேண்டாம். டயர் சற்று மெத்தென்று இருந்தால்தான் கல்லை அணைத்துக்கொண்டு போகும். இறுக்கி அடித்தால் கல் நம்மைத் தூக்கி எறியும்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது 2022 இன் எரிபொருள் வரிசையால். பெற்றோலுக்கு நாட்கணக்கில் காத்து நின்ற அந்த நாட்களில், நாடு முழுவதும் மூலையில் கிடந்த சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. பாடசாலைக்குப் போக நானும் ஒன்றைத் தூசி தட்டினேன். அதைத் திருத்தித் தந்தவர் தெல்தெனிய பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்து, நகரத்தில் சிறிய சைக்கிள் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர். நான் அவரைத் தம்பி என்பேன். அவர் என்னைச் சேர் என்பார். பழைய லுமாலாச் சட்டம் ஒன்றில் அகன்ற டயரும் வேறு கியரும் பூட்டி, “வெள்ளைக்காரன் சைக்கிள் ரெடி சேர்” என்று அவர் தள்ளிக்கொண்டு வந்த வண்டியில்தான் இன்றும் ஓடுகிறேன். வரிசை முடிந்தது, கியூ.ஆர். அட்டையும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பயணம் மட்டும் நின்றுவிடவில்லை.

2024 இல் இருவருமாக மீமுரைக்குப் புறப்பட்டோம். சுபஹு தொழுதுவிட்டு இறங்கினால் குண்டசாலை வரை பனி கலையாது. வலப்புறம் மகாவலி தெரிந்தும் மறைந்தும் வரும். திகனையைத் தாண்டும்போது 2018 மார்ச் மாதம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அதை எழுத வேறு பக்கங்கள் வேண்டும். பின்னர் விக்டோரியா நீர்த்தேக்கம். பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்குள்ளேதான் இருக்கிறது. வரட்சி கடுமையான வருடங்களில் அதன் சுவர்கள் வெளியே தலைகாட்டும். மெதமகாநுவரவைக் கடக்கையில், கடைசிக் கண்டி மன்னன் 1815 பெப்ரவரியில் பிடிபட்டது இந்தப் பகுதியில்தான் என்று தம்பிக்குச் சொன்னேன். “அவரும் தமிழ் பேசுறவர்தானே சேர், யாரோ வழி காட்டிக் குடுத்திருப்பாங்க” என்றார், மூச்சு வாங்காமல். எனக்குப் பேச மூச்சில்லை.

ஹுன்னஸ்கிரியவில் மகியங்கனை வீதியை விட்டு இடப்புறம் திரும்பினால் உலகம் மாறுகிறது. பஸ்ஸின் ஹோர்ன் இல்லை. டயருக்குக் கீழே சரளை நெரியும் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டே வழியைப் படிக்கலாம். கரகரவென்றால் பிடிமானம் உண்டு, சரசரவென்றால் மேலே மணல், திடீரென மௌனமானால் ஈரக் களிமண். அங்கே பிரேக்கைத் தொடக்கூடாது. தேயிலை முடிந்து காடு தொடங்குகிறது. மரநிழலில் ஏலச் செடிகள் பல இடங்களில் இன்னும் தழைத்து நிற்கின்றன. காடு காப்புக்காடானபின் ஏலச் செய்கையை விடச் சொன்னார்கள். செடிக்கு அந்தக் கட்டளை தெரியவில்லை. 2010 இல் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக யுனெஸ்கோ அறிவித்தபோது இந்தத் தும்பறை மலைத்தொடரும் அதில் அடங்கியது. ஆங்கிலத்தில் ‘நக்கிள்ஸ்’. தூரத்திலிருந்து பார்த்தால் மடக்கிய கையின் விரல்முட்டிகள் போலவே இருக்கும்.

இப்படியான பாதைகளில் போகும்போது எனக்குத் தவளம் நினைவு வரும். பொதிமாடுகளின் வரிசையைத்தான் தவளம் என்றார்கள். கண்டி அரசில் போக்குவரத்துக்குப் பொறுப்பான ‘மடிகே பத்த’ என்ற பிரிவில் எங்கள் முன்னோர் பலர் இருந்ததை லோனா தேவராஜா தமது நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். கரையிலிருந்து உப்பு, கருவாடு, துணி. மலையிலிருந்து பாக்கு, மிளகு, ஏலம். அன்றைய மன்னர்கள் பாதைகளை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்திருந்தார்கள், பீரங்கி வரக்கூடாது என்பதற்காக. மாடு போகும், படை போகாது. கெட்ட பாதையே அந்நாளில் கோட்டைமதில். எங்கள் ஊரில் வயதானவர்கள் சிலர் இன்னும் தம் குடும்பத்தைத் ‘தவளத்தார்’ என்று சொல்வதுண்டு. ஆனால் எந்த மலையில் எந்த வழியாகப் போனார்கள் என்று கேட்டால் பதில் கிடைக்காது. பெயர் மிஞ்சியது, வழி மறந்துபோயிற்று.

பின்னர் வந்த வெள்ளையனுக்குக் கோப்பியை இறக்க அகன்ற ரோட் வேண்டியிருந்தது. ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் ரோட் வேலை செய்யவேண்டும், அல்லது பணம் கட்டவேண்டும் என்று சட்டம் போட்டான். 1848 இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு மற்ற வரிகளோடு அதுவும் ஒரு காரணம். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் வழியிலேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர். தப்பியவர்களின் கைகள் மலைச்சரிவுகளை வெட்டித் தோட்டத்துப் பாதைகளைப் போட்டன. கோப்பி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது, பாதை அப்படியே கிடந்தது.

இதையெல்லாம் ஒரு மதகின்மேல் இருந்து தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டபடி தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பாதையும் கொங்கிரீட் ஆகிவிட்டால் அழகு போய்விடும் என்றும் சொன்னேன். அவர் பிளேன்டீயை ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்:

“ஒங்களுக்கு இது வெளாட்டு சேர். எங்களுக்கு இது ரோடு.”

அவருடைய அக்காவுக்குப் பிள்ளை வலி வந்தது ஐப்பசி மழையில். தோட்டத்து ரோட்டில் முச்சக்கர வண்டி ஏறாது என்று சாரதி பாதி வழியிலேயே நின்றுவிட்டார். கொழுந்து லொறியின் தட்டில் சாக்கை விரித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அம்மா, “மெதுவா, மெதுவா” என்று லொறியின் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தாராம். அக்கா பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை. “லொறி ஓட்டினவர் இன்னும் எங்க வீட்டுக்கு வந்தா உள்ள வரமாட்டார் சேர். அவர் மேல என்ன குத்தம்?”

வெகுநேரம் பேசாமல் இருந்தோம். பிறகு நான்தான் கேட்டேன், அப்படியானால் ஏன் என்னோடு வருகிறாய் என்று. அவர் சிரித்தார். “சின்னதில விறகு, அப்புறம் மாவு மூட்ட, தண்ணிக் கேன். சும்மா கையோட இந்த மாதிரி ரோட்டில வாறது இப்பதான் சேர்.”

கோர்பெட்ஸ் கணவாயில் காற்று நிற்கவிடாது. கீழே பள்ளத்தாக்கும் எதிரே லக்கேகல மலையின் கூர்முனையும். அங்கிருந்து இறக்கம். கொண்டையூசி வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக மடிந்து கிடக்கின்றன. விரல்கள் பிரேக்கிலேயே மரத்துப்போயின. இடையிடையே கொங்கிரீட் போட்ட துண்டுகள் வந்தன. சரளைச் சத்தம் நின்று சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. முன்னென்றால் எரிச்சல்பட்டிருப்பேன். மீமுரையில் ஹீன் கங்கையில் முகம் கழுவிவிட்டுக் கடையொன்றில் இருந்தோம். கடைக்காரப் பெண், “நானா, ரோட் எப்படி?” என்று சிங்களத்தில் கேட்டார். “இன்னும் கொஞ்சம் கொங்கிரீட் போட்டால் நல்லது” என்றேன். “அதைத்தானே நாங்களும் எத்தனை காலமாகச் சொல்கிறோம்” என்று கித்துள் கருப்பட்டியில் ஒரு துண்டை அதிகமாக வைத்தார். தம்பி என்னைப் பார்க்காமல் தேநீரைக் குடித்தார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டமெங்கும் மலைகள் சரிந்தன. தார் ரோட், காபட் ரோட், கிறவல் ரோட் என்று மண் பேதம் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. தொலைபேசியும் விட்டு விட்டுத்தான் எடுத்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தம்பியின் குரல் வந்தது. தோட்டத்து ரோட் இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது, லொறி போகாது, அம்மாவின் சீனி வருத்தத்துக்கு மருந்து முடிந்திருக்கும் என்றார்.

“நீ இப்ப எங்க?”

“பாதி ரோட்டில சேர். சைக்கிள்லதான் வந்தேன். ஓடக்கூடிய மட்டும் ஓடினேன், அறுந்த எடத்துல தோள்ல தூக்கிட்டு எறங்கினேன். மாவு, சீனி, பால்மா, லயத்துக்காரங்க சொன்ன மருந்தெல்லாம் ரெண்டு பக்கமும் சாக்கில கட்டியிருக்கு. பாரம் கூட. டயர்ல காத்து எவ்வளவு வைக்கட்டும்?”

கொஞ்சம் கூட்டி வை, ஆனால் இறுக்கி அடிக்காதே என்றேன். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.