தாதியின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது?



கால் சற்று இழுத்து நடக்கும் பெண் தாதியாகலாமா? காது மந்தமான ஒருவர் நோயாளியைப் பராமரிக்கலாமா? "பாவம், முடியாது" என்று நம்மில் பலர் உடனே சொல்லிவிடுவோம். இரக்கத்தோடு சொல்லும் அந்த ஒரு வார்த்தை ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையே அடைத்துவிடக்கூடும். அதேநேரம், வேலை செய்ய இயலாதவர் பொறுப்பில் நோயாளியை விடுவதும் அநியாயமே. இரண்டும் அமானிதம். ஆகவே நிதானமாகச் சிந்திப்போம்.

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் டேவிஸ் என்றொரு பெண்மணி அனுமதிப்பத்திரம் பெற்ற உதவித் தாதியாக இருந்தார். பதிவு பெற்ற தாதியாக உயர விரும்பி ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தார். காதுக்குக் கருவி பொருத்தினாலும், உதட்டசைவைப் பார்த்தே அவரால் பேச்சை விளங்க முடியும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் எல்லோரும் வாயை மூடியிருப்பார்களே, அப்போது என்ன செய்வார் என்ற கேள்வி எழுந்தது. கல்லூரி அவரைச் சேர்க்க மறுத்தது. 1979 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஏகமனதாகக் கல்லூரிக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. ஆனாலும், தொழில்நுட்பம் வளரும்போது வாய்ப்புகள் பெருகும் என்பதையும், மாற்றம் செய்ய மறுப்பதே பாரபட்சமாகிவிடும் சந்தர்ப்பங்கள் வரலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

இன்று வாய்ப்பகுதி தெளிவாகத் தெரியும் முகக்கவசங்கள் வந்துவிட்டன. இதயத் துடிப்பின் ஓசையைப் பெருக்கித் தரும் ஸ்டெதஸ்கோப்புகளும் உண்டு. குறை அப்படியே இருக்க, வேலை செய்யும் வழி மாறிவிட்டது.

பிரித்தானியாவில் அங்கவீனர் உரிமைகள் ஆணைக்குழு 2007 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தாதியர், ஆசிரியர், சமூக சேவையாளர் ஆகியோருக்கு விதிக்கப்பட்டிருந்த பொதுவான உடல்நல நிபந்தனைகளை நீக்கும்படி அது சிபாரிசு செய்தது. இன்று அங்குள்ள தாதியர் பேரவை, நோயோ குறையோ இருப்பது மட்டும் தடையல்ல என்கிறது. பாதுகாப்பாகவும் திறமையாகவும் பணியாற்ற முடியுமா என்றே பார்க்கிறது.

சில காலத்துக்கு முன் ஒரு வாப்பா என்னிடம் வந்தார். "மௌலவி, புள்ளைக்கு தாதி வேலைக்குப் போக ஆசை. கால் கொஞ்சம் இழுக்கும். எடுப்பாங்களா?" என்று கேட்டார்.

சட்டம் சொல்லுமுன் அதன் காரணத்தைத் தேடு என்றுதான் அரபுக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அந்தப் பழக்கத்தில் நான் திருப்பிக் கேட்டேன்: "எவ்வளவு நேரம் நிற்பா? படியேறுவாவா? பாரம் தூக்குவாவா?" அவருக்குப் பதில் தெரியவில்லை. யாரும் அந்தப் பிள்ளையைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்ததேயில்லை.

இதுதான் சரியான பரிசோதனை. முதலில் தாதியின் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: மருந்து அளத்தல், ஊசி போடுதல், நோயாளியைப் புரட்டுதல், அவசரத்தில் விரைதல். பிறகு அவரைச் செய்யவிட்டுப் பாருங்கள். முடியாததற்குக் கருவியோ, வேறு முறையோ, வேறு பிரிவோ உண்டா என்று தேடுங்கள். வார்டில் ஓடமுடியாதவர் கிளினிக்கில் சிறந்து விளங்கலாம். இத்தனைக்குப் பிறகும் நோயாளிக்கு ஆபத்து என்றால், காரணத்தை விளக்கி மறுப்பதில் தவறில்லை.

நமது நாட்டிலும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணம் காட்டி வேலையிலோ கல்வி அனுமதியிலோ பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை விண்ணப்பப் படிவத்தை எடுக்குமுன் நீங்களே "முடியாது" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். என்ன முடியும் என்று முதலில் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.