மேப்ல இல்லாத கிணறு!

'கையில ஜி.பி.எஸ். இருக்குல்ல... அப்புறம் என்ன கவலை?' காலேஜ்ல பாதிப் பேர் அடிக்கிற டயலாக் இது. ஆனா, மேட்டரே அங்கதான் இருக்கு மக்களே! ஜி.பி.எஸ். கருவிக்கு உங்க ஊரும் தெரியாது, ரோடும் தெரியாது. செயற்கைக்கோள்கள் அனுப்புற சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சுனு கணக்குப் போட்டு, 'நீ நிக்கிறது இந்த அட்சரேகை, இந்தத் தீர்க்கரேகை'னு எண்களைக் கொடுக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. அந்த எண்ணுக்குக் கீழே ஏரி இருக்கா, எருக்கஞ்செடி இருக்கானு சொல்றது மேப். அதை நாமதான் பார்த்துப் போடணும்.

எனக்கு ஊர் திமிரி. ஆற்காட்டுலேர்ந்து ஆரணி போற ரோட்டுல வரும். எங்க செட் பசங்க அஞ்சு பேர் சேர்ந்து மினி புராஜெக்ட்டுக்கு எடுத்த சப்ஜெக்ட், கிணத்துத் தண்ணி. திமிரியைச் சுத்தி இருக்குற விவசாயக் கிணறுகளைத் தேடிப் போய், பாட்டில்ல தண்ணி எடுத்து, அதுல உப்பு எவ்வளவு கரைஞ்சிருக்குனு டி.டி.எஸ். பார்க்கணும். எந்தக் கிணறு, எங்கே இருக்குனு குறிக்கத்தான் டிபார்ட்மென்ட்ல ஒரு கையடக்க ஜி.பி.எஸ். கொடுத்தாங்க.

'ஒரு கிணத்தைக் குறிக்க இவ்வளவு சீனா?'னு கேக்குறவங்களுக்கு ஒரு ஃபிளாஷ்பேக். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடினு எங்க பக்கம் முழுக்க தோல் தொழில். அதுல சோறு சாப்பிடுற குடும்பங்கள் ஏராளம். அதோட கழிவால கெட்டுப்போன தண்ணியும் ஏராளம். பாலாறு மாசுபட்ட வழக்குல 1996-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு, சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவங்களுக்கு இன்னிக்கும் பாடம். அந்தத் தீர்ப்புல ஒரு கணக்கு வருது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்கள்ல ஒரு அமைப்பு எடுத்த சர்வேயில, 467 கிணறுகள்ல 350 மாசுபட்டிருந்துச்சு! யாரோ சிலர் வெயில்ல நடந்து ஒவ்வொரு கிணறா எண்ணினதாலதான் அந்த நம்பர் கோர்ட் வரைக்கும் போச்சு. அப்போ எண்ணுறவங்க கையில ஜி.பி.எஸ். இல்லை. எங்க கையில இருக்கு. தப்பா குறிச்சா அசிங்கம்ல?

சரி, எந்த மேப்? கருவியோடவே வர்ற அடிப்படை மேப்பை முதல்ல பார்த்தோம். அதுல பெரிய ஊர், பெரிய ரோடு மட்டும்தான். மத்த இடமெல்லாம் வெறும் வெள்ளை. வயக்காட்டுல நின்னுக்கிட்டு அதைப் பார்த்தா சிரிப்புதான் வரும். வாங்குறப்பவே இதைக் கவனிக்கணும். உதாரணத்துக்கு, கார்மின் ஈட்ரெக்ஸ் 10-ல் வேற விரிவான மேப் ஏத்தவே முடியாது. அதே குடும்பத்துல 20, 30 மாடல்கள்ல மெமரி கார்டு போட்டு ஏத்தலாம். விலையை மட்டும் பார்த்து வாங்கினா இங்கதான் மாட்டுவீங்க.

அடுத்தது, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் ஆரம்பிச்சது. உலகம் பூரா தன்னார்வலர்கள் வரையுறாங்க, எல்லாம் இலவசம். அதையே கருவிக்கு ஏத்த ஃபைலா மாத்தியும் கொடுக்குறாங்க. இறக்கி, கார்டுல போட்டா முடிஞ்சது. இது கோடுகளால ஆன வெக்டர் மேப். ரோடு, தெரு எல்லாம் தனித்தனியா இருக்கும், தேடலாம், வழியும் கேக்கலாம். ஆனா, யாராவது வரைஞ்சிருந்தாதான் இருக்கும். டவுன் பக்கம் நெருக்கமா இருக்குற கோடுகள், வரப்புக்குள்ள இறங்கினா காணாமப் போயிடும்.

மூணாவது, சர்வே ஆஃப் இந்தியாவோட டோப்போ ஷீட். திமிரி வர்றது 57 பி/5 ஷீட்ல. அளவு ஐம்பதாயிரத்துக்கு ஒண்ணு. அதாவது, தாள்ல 2 சென்டிமீட்டர் தரையில 1 கிலோமீட்டர். ஏரி, கரை, மேடு, பள்ளம்னு பார்க்கவே அழகு. 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, ராணுவத்துக்கு ஒரு வரிசை, நம்மள மாதிரி ஆட்களுக்கு ஒரு திறந்த வரிசைனு பிரிச்சுது. 2017-லேர்ந்து திறந்த வரிசையை நெட்ல இலவசமாவே இறக்கிக்க வழி பண்ணினாங்க. அதைப் படமா மாத்தி, மூலைகளுக்குச் சரியான எண் கொடுத்து, சில கருவிகள்ல ஏத்தலாம். ஆனா, இது ராஸ்டர், அதாவது வெறும் போட்டோ மாதிரி. பெருசாக்கினா கோடுதான் தடிக்கும், புதுசா எதுவும் தெரியாது. அதுல 1 மில்லிமீட்டர்னா தரையில 50 மீட்டர். கிணத்துக்கும் பக்கத்துக் கிணத்துக்கும் நடுவுல அதைவிடக் கம்மியான தூரம்கூட இருக்கும் பாஸ்!

இதுல ஒரு பூகம்பமும் ஒளிஞ்சிருக்கு. 1802 ஏப்ரல் 10-ம் தேதி பரங்கிமலைக்குப் பக்கத்துல லாம்ப்டன் ஆரம்பிச்ச அளவை வேலையைத் தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். (ஆமா, சிகரத்துக்குப் பேர் கொடுத்த அதே ஆள்தான்!) பூமியோட வடிவத்துக்கு 1830-ல் அவர் போட்ட கணக்கை வெச்சு வரைஞ்சதுதான் பழைய டோப்போ ஷீட் எல்லாம். ஜி.பி.எஸ். பயன்படுத்துறது டபிள்யூ.ஜி.எஸ். 84-னு வேற கணக்கு. ரெண்டையும் கலந்தா, நம்ம ஊர்ப் பக்கம் நூறு மீட்டருக்கும் மேல தள்ளிப் போயிடும். உங்க கிணறு அடுத்தவர் நிலத்துல போய் விழும்! திறந்த வரிசை ஷீட்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84-லேயே இருக்கு. ஷீட்டோட ஓரத்துல என்ன எழுதியிருக்குனு படிச்சிட்டு, கருவியோட செட்டிங்ஸையும் அதுக்கு ஏத்த மாதிரி வெச்சுக்கணும்.

இன்னொரு கண்ணிவெடி, எண் எழுதுற முறை. திமிரியோட அட்சரேகை சுமார் 12 டிகிரி 50 நிமிஷம். அதை 12.50 டிகிரினு எழுதிட்டா கதை கந்தல். ஏன்னா, 50 நிமிஷம்னா 0.83 டிகிரி. வித்தியாசம் தெற்கே சுமார் 37 கிலோமீட்டர். திமிரிக் கிணறு சேத்துப்பட்டுப் பக்கம் போய் உக்காந்துக்கும்!

கடைசியில ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை அடியில போட்டுக்கிட்டு, டோப்போ ஷீட்டைப் பிரின்ட் எடுத்துக் கையில வெச்சுக்கிட்டோம். ஆனா, எங்களுக்கு வேண்டிய கிணறுகளும் போர்களும் எந்த மேப்லயும் முழுசா இல்லை. அதை நாங்கதான் குறிக்க வேண்டியிருந்துச்சு. புளியமரத்தடியில நின்னா சிக்னல் தடுமாறும். அதனால வெட்டவெளிக்கு வந்து, ஸ்கிரீன்ல காட்டுற துல்லியம் 5 மீட்டருக்கு வர்ற வரைக்கும் பொறுமையா நின்னு, நம்பரும் தேதியும் போட்டு சேமிச்சோம்.

ஒரு கிணத்து மேட்டுல தாத்தா ஒருத்தர் எங்களையே பார்த்துக்கிட்டு இருந்தார். "இன்னாம்மா அது, செல்லுல இல்லாததா இதுல கீது?"னு கேட்டார். "டவர் இல்லாட்டியும் வேலை செய்யும் தாத்தா. பென்சில் பேட்டரி ரெண்டு போட்டா நாள் பூரா தாங்கும்"னு சொல்லி, அவர் கிணத்தைக் காட்டினேன். சந்தோஷப்படுவார்னு பார்த்தா, முகம் மாறிடுச்சு.

"தண்ணி கெட்டுப்போச்சுனு இதுல போட்டுட்டா, எல்லாருக்கும் தெரியும்ல? நாளைக்கு நெலத்தை எவன்மா வாங்குவான்? பொண்ணு கல்யாணத்துக்கு விக்கணும்னு வெச்சிருக்கேன்."

எங்க அஞ்சு பேருக்கும் பேச்சே வரலை. எந்த மேப் துல்லியம், எது கார்டுல அடங்கும்னு ஒரு வாரமா சண்டை போட்ட எங்க யாருக்கும், குறிச்சதை எங்கே வெளியிடுறதுங்குற கேள்வி தோணவே இல்லை. 2021 பிப்ரவரியில வந்த மத்திய அரசோட வழிகாட்டுதலுக்கு அப்புறம், இந்தியர்கள் மேப் தயாரிக்க முன் அனுமதி தேவை இல்லைனு ஆயிடுச்சு. நல்ல விஷயம்தான். ஆனா, அரசாங்கத்துக்கிட்ட கேக்க வேண்டாம்னா, தாத்தாகிட்டயும் கேக்க வேண்டாம்னு அர்த்தம் இல்லையே!

அன்னிக்கு ராத்திரியே பேசி ரெண்டா பிரிச்சோம். ஏரி, கால்வாய், கரை, வண்டிப்பாதை இதெல்லாம் ஊருக்குப் பொது. ஊர்க்காரங்க வாயால சொன்ன பேரோட ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ல ஏத்திடலாம். கிணத்தோட டி.டி.எஸ். அளவு ரிப்போர்ட்ல மட்டும், ஓனர் பேர் இல்லாம, வெறும் நம்பரா இருக்கும். சரியான இருப்பிட எண்கள் எங்க கைடுகிட்ட மட்டும். அந்தந்தக் கிணத்துக்காரருக்கு அவரோட ரிசல்ட்டை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நேர்லயே கொடுக்குறோம். நஷ்டஈடு கேக்க ஒருநாள் அது தேவைப்பட்டா, வெளியே காட்டுறதா வேண்டாமானு அவர் முடிவு பண்ணட்டும்.

2025 ஜனவரி 30-ம் தேதி பாலாற்று மாசு பத்தி சுப்ரீம் கோர்ட் மறுபடியும் ஒரு தீர்ப்பு கொடுத்திருக்கு. அதனால எங்க பக்கம் இன்னும் நிறைய பேர் மீட்டரும் மேப்புமா கிணத்து மேட்டுக்கு வருவாங்க. நீங்களும் வரலாம். வந்தா, கருவியை ஆன் பண்றதுக்கு முன்னாடி கிணத்துக்காரருக்கு ஒரு வணக்கம் போட்டு, 'குறிச்சுக்கவா தாத்தா?'னு கேளுங்க. செயற்கைக்கோள் பிடிக்க எப்படியும் ஒரு நிமிஷம் ஆகத்தானே போகுது!