கொன்டெய்னரும் பதினொன்றும்

ஊரில் எங்கள் கணக்கு மாஸ்டர் வகுபடும் விதிகளைப் படிப்பித்தபோது, 3க்கும் 9க்கும் இலக்கங்களைக் கூட்டிப் பார், 5க்குக் கடைசி இலக்கத்தைப் பார் என்பார். 11இன் விதி கொஞ்சம் வேறு. இலக்கங்களை ஒன்றைவிட்டொன்றாகக் கூட்டி, இரண்டு கூட்டுத்தொகைகளையும் கழிக்க வேண்டும். 0 வந்தாலோ 11ஆல் வகுபட்டாலோ எண்ணும் வகுபடும். இதெல்லாம் எதற்கு என்று பின்வாங்கில் இருந்து முணுமுணுப்போம். பதில் மொன்றியல் துறைமுகத்தில் இருந்தது.

அத்திலாந்திக்கில் இருந்து 1600 கிலோமீற்றர் உள்ளே, ஆற்றில் இருக்கிற துறைமுகம் இது. 1964 முதல் பனிக்காலத்திலும் கப்பல் வருகிறது. அகதியாக வந்த புதிதில் அதற்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்தேன். கொன்டெய்னர் கதவில் உள்ள எண்ணைப் பதிவது என் பொறுப்பு. நாலு எழுத்து, ஆறு இலக்கம், பிறகு கட்டத்துக்குள் தனியாக ஒரு இலக்கம். அந்தக் கடைசி இலக்கம்தான் காவல்காரன்.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெறுமதி உண்டு. ஏ என்றால் 10, பி என்றால் 12. 11, 22, 33 மூன்றையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். இடமிருந்து வலமாக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்த மீதிதான் அந்த இலக்கம். மீதி 10 என்றால் 0 போடுவார்கள். சி.எஸ்.கியூ.யூ 305438 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185. மாஸ்டரின் விதிப்படி வலமிருந்து 5+1=6, 8+6=14. கழித்தால் -8, அதோடு 11ஐக் கூட்டினால் 3. கட்டத்துக்குள் இருப்பதும் 3தான்.

ஏன் 10 இல்லை? 10 சேர்த்தி எண், 2ஆகவும் 5ஆகவும் உடையும். மங்கிய 3ஐ 8 என்று வாசித்தால் வித்தியாசம் 5. அதை 16ஆல் பெருக்கினால் 80. 10ஆல் மீதியின்றி வகுபடும், பிழை ஒளிந்துவிடும். 11 முதன்மை எண் (தமிழ்நாட்டில் பகா எண் என்பார்கள்). 9க்கு மேற்படாத வித்தியாசத்தை 2இன் எந்த அடுக்கால் பெருக்கினாலும் 11ஆல் வகுபடாது.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றில். ஓர் அலுவலகத்தில் என் பிறந்த திகதியில் 3ஐ 8 ஆகப் பதிந்துவிட்டார்கள். அதைத் திருத்த ஒரு வருசத்துக்கு மேல் போனது. அதுவரை மனைவி, பிள்ளைகளுக்கான விண்ணப்பம் நகரவில்லை. செருப்பு ஏற்றி வந்த பெட்டிக்குக் காவல் இருந்தது, மனிதன் நிரப்பிய படிவத்துக்கு இல்லை.

எங்களுக்குத் தந்த சமூகக் காப்புறுதி எண்ணும் 9இல்தான் தொடங்கும். தற்காலிகமானவர்கள் என்று அடையாளம். முதலாளிமார் முதல் இலக்கத்தைப் பார்த்தே முகத்தைச் சுழிப்பார்கள். நிரந்தர வதிவிடம் கிடைத்தபிறகு வந்த புது எண் 2இல் தொடங்கியது. 9 உடையும், 2 உடையாது என்று அன்றைக்கு மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவவுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தா.