எழுதித் தராத காகிதம்

தெரிந்த ஒன்றை, பெற்ற தாய்க்குச் சொல்லித் தராமல் வைத்துக்கொண்டேன். வேலை அதிகம், ஞாபகம் இல்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். உண்மை வேறு. வீட்டில் ஒரு காரியமாவது நான் இல்லாமல் நடக்கக்கூடாது என்று ஆசைப்பட்டேன். வீடியோ டெக்கை டிவியோடு இணைப்பதுதான் அந்தக் காரியம்.

1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் ஒளிபரப்பு வந்தது. அடுத்த சில வருடங்களில், வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் டெக் வந்து இறங்கியது. பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்துப் பையனான நான்தான் அதை டிவியோடு சேர்த்து வைத்தேன். மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து வரும் ஒயரை டெக்கின் ஆர்.எஃப். இன் துளையில் செருக வேண்டும். ஆர்.எஃப். அவுட்டிலிருந்து இன்னொரு ஒயர் டிவிக்குப் போகும். டிவியில் ஏதாவது ஒரு காலிச் சேனலை டெக்குக்கென்று ட்யூன் பண்ணி வைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பெரியவர்கள் சுற்றி நின்று பார்க்க, புள்ளி புள்ளியாய் ஓடிய திரையில் படம் தெளிந்தபோது, அப்பா என் தோளில் கைவைத்தார். அந்தக் கையின் கனத்துக்காகவே அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வராமல் போயிற்று என்று நினைக்கிறேன். தெருவில் யார் வீட்டுக்கு டெக் வந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். போவேன், இணைப்பேன். எப்படி என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

கடலுக்குப் பக்கத்து ஊர் என்பதால் ஆன்டெனாவை உயர்த்திக் கட்டினால் இலங்கையின் ரூபவாஹினி கிடைக்கும். அம்மா அதை விரும்பிப் பார்ப்பாள். கரண்டு பில்லுக்குப் பயந்து, படுக்கப் போகுமுன் டெக்கின் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். மறுநாள் டிவி போட்டால் ரூபவாஹினி மங்கிப் பொரிந்துகொண்டிருக்கும். ஆன்டெனா சிக்னல் டெக்குக்குள் இருக்கும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாகத்தான் டிவிக்குப் போகிறது. டெக்குக்குக் கரண்டு இல்லையென்றால் அந்த வழி செத்துவிடும். இது எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை. "டிவி ரிப்பேராயிடுச்சு போலப்பா" என்று அவள் கவலைப்படுவாள். நான் பின்பக்கம் போய் சத்தமில்லாமல் பிளக்கைச் செருகிவிட்டு வருவேன். படம் வந்துவிடும். அவள் முகத்தில் தெரியும் ஆச்சரியம் எனக்கு வேண்டியிருந்தது.

அப்பா 2003-இல் இறந்தார். அவர் நடந்து பேசிச் சிரிப்பது எங்களிடம் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. 1989-இல் நடந்த அக்காவின் கல்யாணக் கேசட். போட்டோக்கள் இருக்கின்றன. ஆனால் பந்தியில் குனிந்து இலைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பாரே, அந்த நடை போட்டோவில் வராது.

அதற்குள் வீட்டில் டிவி மாறியிருந்தது. புது டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் ஒரே ஒரு வரிசைதான். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. அந்த வரிசையில் டிவிடி பிளேயர் குடியேறிவிட்டது. டிவிடியை டெக் வழியாக விட்டு டிவிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சில டிஸ்க்குகளில் படம் வெளுப்பதும் இருள்வதுமாக இருந்தது. நகல் எடுப்பதைத் தடுக்க, டிஸ்க்கில் உள்ள குறிப்பின்படி பிளேயர் சேர்க்கும் சிக்னல் டெக்கைக் குழப்புவதால் வருவது அது. அம்மா கேட்டதற்கு, "அதெல்லாம் அப்படித்தாம்மா" என்றேன். பிறகு டெக்கின் ஒயரை உருவிவிட்டு டிவிடியை நேராகவே இணைத்தேன். டெக் அலமாரியிலேயே இருந்தது. டிவியோடு அதற்குத் தொடர்பில்லை.

நான் சென்னையில் இருந்தேன். ஒரு நாள் அம்மா போன் பண்ணினாள். டிவிடி ஒயரை டெக்கில் மாற்றிக் குத்திக் கேசட்டைப் போட்டாளாம், உள்ளே சுற்றும் சத்தம் கேட்கிறதாம், டிவியில் ஒன்றும் தெரியவில்லையாம். "எதையும் தொடாதம்மா, நான் வந்து பாக்குறேன்" என்றேன். நான் போவதற்கு மாதங்கள் ஆயின. அந்த மாதங்களெல்லாம் அவள் அப்பாவைப் பார்க்கக் காத்திருந்தாள். எனக்கோ அது ஊருக்குப் போனால் முடிக்க வேண்டிய வேலைகளில் ஒன்று.

போனேன். ஒயரை மாற்றிக் குத்தினேன். அம்மா தரையில் உட்கார்ந்து முழுக் கேசட்டையும் பார்த்தாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த ஒயர் எதுலன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போப்பா" என்றாள். "உனக்குப் புரியாதும்மா" என்றேன். சொல்லிவிட்டு ஒயரைப் பழையபடி டிவிடி பிளேயருக்கே மாற்றினேன். அன்றிரவே பஸ் ஏறினேன்.

எழுத ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. அவளுக்கு எங்கே சிக்குகிறது என்பதும் எனக்குத் தெரியும். டெக்கின் முதுகில் மஞ்சள் துளை இரண்டு இருக்கிறது. ஒன்று பதிவுக்காக உள்ளே வரும் படத்துக்கு, மற்றது டிவிக்கு வெளியே போகும் படத்துக்கு. இன், அவுட் என்று பொடி ஆங்கில எழுத்தில் போட்டிருக்கும். அம்மா தமிழ் மட்டும் படிப்பவள். நிறத்தைப் பார்த்து இன் துளையில் குத்தியிருக்கிறாள். அவுட்டில் குத்தச் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் வந்தேன்.

அடுத்த முறை போனபோது அம்மா தானாகவே கேசட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருச்சியிலிருந்து அக்கா வந்திருந்தபோது டெக்கின் அவுட் துளைகள் மேல் மட்டும் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் கொடுத்தாளாம். பொட்டு வைத்ததில் குத்து, மற்றதைத் தொடாதே. அவ்வளவுதான் பாடம்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் செய்துவிட்டார்களே என்ற கோபம். அக்காவிடம் போனில், "ஒயரை அடிக்கடி பிடுங்கிக் குத்துனா ஜாக் லூஸாயிடும், எதுக்குச் சொல்லிக் குடுத்தே" என்று கடிந்துகொண்டேன். சொன்னது பொய்யில்லை. அதுதான் என் கோபத்துக்குக் காரணம் என்பதுதான் பொய். இந்த வாக்குமூலத்தில் எனக்கு எழுதக் கடினமான இடம் இதுதான். அம்மா தனியாக அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது என் கண்ணில் படவே இல்லை.

கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவதாகவும் சொல்லியிருந்தேன். அதையும் வேறு யாரிடமும் கொடுக்க விடவில்லை. டெக்கின் அவுட்டிலிருந்து ஒரு யு.எஸ்.பி. கேப்சர் கருவி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும், அதை நானே செய்வேன் என்றேன். வருடங்கள் போயின. 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் டெக் தயாரிப்பை நிறுத்திய செய்தியைப் படித்த பிறகுதான் பதறினேன். அதற்குள் தேய்ந்துபோன எங்கள் டெக் நாடாவின் ஓரத்தைச் சில இடங்களில் மடித்திருந்தது. வி.எச்.எஸ். நாடாவில் படம் நடுவில் சாய்கோடுகளாகப் பதிகிறது. எங்கள் டெக் போன்ற சாதாரண டெக்குகளுக்கு ஒலி மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடுதான். ஓரம் மடங்கினால் முதலில் போவது குரல். மாற்றிய பதிவில் அப்பா வாசலில் நின்று சம்பந்தி வீட்டாரை வரவேற்கிறார். வாய் அசைகிறது. குரல் இல்லை. நான் சொன்ன சொல்லைக் காலத்தில் காப்பாற்றியிருந்தால் அது இருந்திருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, வீட்டில் எது எதோடு எப்படி இணைகிறது என்று தமிழில் எழுதினேன். செட்டாப் பாக்ஸ், டெக், அப்பாவின் பதிவு இருக்கும் பென் டிரைவ், ரிமோட்டில் எந்தப் பட்டன் என்று எல்லாவற்றையும் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"மஞ்சள் ஒயரை டிவியில மஞ்சள் ஓட்டையில குத்தணும்னு எழுதிருக்கியே, இந்த டிவியில மஞ்சள் ஓட்டையே கிடையாதுப்பா. பச்சையிலதான் குத்தணும்" என்றாள்.

பின்னால் போய்ப் பார்த்தேன். சரிதான், இப்போதைய தட்டை டிவிகள் பலவற்றில் பச்சைத் துளையே அந்த வேலையையும் பார்க்கிறது. பச்சை என்று திருத்தி எழுதி, அவள் காட்டிய இடத்தில் ஒட்டினேன்.