கொக்கு மடித்த பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?



'உலக அமைதி' என்று தலைப்புக் கொடுத்து நம் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லிப் பாருங்கள். காந்தியடிகள் வருவார், அன்னை தெரேசா வருவார், நெல்சன் மண்டேலாவும் தவறாமல் வந்துவிடுவார். இறுதிப் பத்தியில், 'ஆகவே நாமும் அமைதியைப் பேணுவோமாக' என்று ஒரு வரி இருக்கும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். ஒற்றுப்பிழை இல்லாத கட்டுரைகள்கூட அவற்றில் உண்டு. ஆயினும் படிக்குந்தோறும் ஒரு நெருடல். அமைதி என்பது சுவரில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும் பெரியவர்களின் வேலை; தொழிற்சாலைக்குப் போகும் அப்பாவுக்கும் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கும் அதில் இடமில்லை என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். பாடநூல்களும் பேச்சுப்போட்டி உரைகளும் அவர்களை அந்த முடிவுக்குக் கொண்டு சேர்க்கின்றன.

எனவே, இந்தத் தலைப்பை நடத்தும்போது நான் ஒரு மீன்கடையிலிருந்து தொடங்குவதை வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறேன்.

1954ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் பசிபிக் பெருங்கடலில், பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு நீரகக் குண்டை வெடித்துச் சோதித்தது. ஹிரோஷிமாவில் போட்ட குண்டைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஆற்றல் கொண்டது அது. அமெரிக்கா அறிவித்திருந்த அபாய எல்லைக்கு வெளியே, யாய்சு துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஜப்பானியச் சூரைமீன் படகு ஒன்று மீன்பிடி வேலையில் இருந்தது. 'டைகோ புக்குரியூ மாரு' என்பது அதன் பெயர். 'ஐந்தாம் எண் அதிர்ஷ்ட நாகம்' என்று பொருள். அதிலிருந்த 23 பேர் மீதும் வெண்சாம்பல் மழைபோல் பல மணி நேரம் பெய்தது. பவளப்பாறை பொடியாகிக் கதிர்வீச்சோடு இறங்கிய சாம்பல் அது. இரண்டு வாரம் கழித்து அவர்கள் கரை சேர்ந்தபோது தோல் கருத்திருந்தது, முடி உதிர்ந்துகொண்டிருந்தது. வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா ஐகிச்சி அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் இறந்தார். அவருக்கு வயது 40.

செய்தி வெளியானதும் ஜப்பானியச் சந்தைகளில் மீன் வாங்க ஆளில்லை. அந்த ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 485 டன் மீன் கதிர்வீச்சுப் பட்டதென்று கழித்துப் போடப்பட்டது. 1999இல் நிப்பா நச்சுயிரி பரவியபோது பன்றி இறைச்சிக் கடைகள் வெறிச்சோடிக் கிடந்ததை நெகிரி செம்பிலான் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அதுபோன்ற நிலைதான். மீன் வணிகர்களுக்குப் பிழைப்புப் போயிற்று. இல்லத்தரசிகளுக்குப் பிள்ளைகளின் தட்டில் எதை வைப்பது என்ற கலக்கம்.

தோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில், பெண்கள் கூடிய ஒரு சொற்பொழிவுக் கூட்டத்தில் மீன்கடைக்காரர் ஒருவரின் மனைவி எழுந்து பேசினார். குண்டுச் சோதனைக்கு எதிராகக் கையொப்பம் திரட்ட வேண்டும் என்பது அவர் விண்ணப்பம். அவ்வட்டார மக்கள் மன்றத்தில் பெண்கள் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தி வந்தனர். மன்றத் தலைவர் யாசுயி கவோரு என்னும் பன்னாட்டுச் சட்டப் பேராசிரியர். இவர்கள் எல்லாம் சேர்ந்து 1954 மே மாதத்தில் வீடு வீடாகப் புறப்பட்டார்கள். கட்சிப் பெயரைச் சொல்லவில்லை. கதவைத் தட்டினார்கள், காகிதத்தை நீட்டினார்கள், அவ்வளவே. நான்கு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழ்ந்த அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அது நாடெங்கும் பரவி, 1955 ஆகஸ்ட்டுக்குள் மூன்று கோடியைத் தாண்டியது. அன்றைய ஜப்பானின் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்குப் பாடத்தில் பின்னம் நடத்தும்போதும் இதைச் சொல்லலாம்!

இந்தக் கையொப்பங்களால் குண்டுகள் ஒழியவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். உண்மைதான், ஒழியவில்லை. மறைக்காமல் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால், வேறொன்று நடந்தது. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பிப் பிழைத்தவர்கள் ஒன்பது ஆண்டுகளாக வாய் திறவாமல் இருந்தார்கள். மணம் பேச வருபவர்கள் பின்வாங்குவார்கள், வேலை கொடுப்பவர்கள் தயங்குவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு. கையொப்ப இயக்கத்தின் தொடர்ச்சியாக 1955 ஆகஸ்ட்டில் ஹிரோஷிமாவில் உலக மாநாடு கூடியது. அம்மேடை அவர்களுக்குப் பேச இடம் தந்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் நாகசாகியில் அவர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். நிஹோன் ஹிடான்கியோ என்னும் அந்த அமைப்புக்குத்தான் 2024ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. ஆக, மீன்கடையில் தொடங்கிய நூல் அறுபத்தெட்டு ஆண்டு வாழ்ந்த அமைப்பொன்றின் வழியே நோபல் மேடைவரை நீண்டிருக்கிறது.

அந்தப் படகு என்ன ஆயிற்று என்று வகுப்பில் எப்படியும் ஒருவன் கேட்டுவிடுவான். பிள்ளைகளுக்கு மனிதர்களைவிடப் படகின் மீது அக்கறை அதிகம்! அது பழுது பார்க்கப்பட்டு, மீன்வளப் பல்கலைக்கழகம் ஒன்றின் பயிற்சிக் கப்பலாகச் சில காலம் ஓடியது. 1967இல் கழிக்கப்பட்டுத் தோக்கியோவின் குப்பைமேடான யுமெனோஷிமாவில் விடப்பட்டது. பெயருக்கு 'கனவுத் தீவு' என்று பொருளாம். 1968 மார்ச்சில் 26 வயது இளைஞர் ஒருவர், அலுவலக ஊழியர், அசாகி நாளிதழின் வாசகர் பகுதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தப் படகு மூழ்கிப் போக விடக்கூடாது என்று வேண்டினார். அக்கடிதத்தைப் படித்தவர்கள் திரண்டார்கள். இன்று அந்தப் படகு அதே யுமெனோஷிமாவில் 1976இல் திறக்கப்பட்ட காட்சியகத்தினுள் முழுதாக நிற்கிறது. நம் தமிழ் நாளேடுகளுக்கு வாசகர் கடிதம் எழுதி எழுதிக் கைசலித்த பெரியவர்கள் இதைப் படித்தால் மகிழ்வார்கள் என்று நினைக்கிறேன்.

படகில் இருந்தவர்களுள் ஓஇஷி மத்தாஷிச்சி என்பவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாம்பல் விழுந்தபோது அவருக்கு இருபது வயது. இழப்பீட்டுப் பணத்தைக் கண்டு ஊரார் பொறாமைப்பட்டார்கள். நோயைக் கண்டு ஒதுங்கினார்கள். அவர் யாரும் அறியாத தோக்கியோவுக்கு வந்து ஒரு சலவைக்கடை வைத்தார். முதல் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தாம் யாரென்று சொல்லாமலே வாழ்ந்தவரை, 1983இல் பள்ளி மாணவர்கள் வந்து பேச அழைத்தார்கள். அன்று தொடங்கியவர், துணிகளுக்குச் சலவைப்பெட்டி போட்ட நேரம் போக, பள்ளி பள்ளியாகச் சென்று நூற்றுக்கணக்கான முறை பேசினார். 2021இல் மறைந்தார். அவரைப் பேச வைத்தவர்கள் மாணவர்கள் என்பதை ஆசிரியர்களாகிய நாம் சிந்தித்துப் பார்க்கலாம்.

இனி, தலைப்புக்கு வருகிறேன். சடாகோ சசாகியின் கதை நம் பள்ளிகளில் பலருக்கும் தெரிந்ததுதான். முடிதிருத்துநரின் மகள், வகுப்பின் அஞ்சல் ஓட்டக் குழுவில் ஓடியவள். இரண்டு வயதில் ஹிரோஷிமாவின் குண்டு வெளிச்சத்தைக் கண்டவளுக்குப் பத்தாண்டு கழித்து, 1955 பிப்ரவரியில், இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கூறினார்கள். ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் நோய் தீரும் என்ற நம்பிக்கையில் மருந்துப் பொட்டலத் தாளைக்கூட விடாமல் மடித்தாள். அக்டோபர் 25ஆம் நாள் இறந்தாள்.

644 கொக்குகளோடு அவள் கை ஓய்ந்தது என்றும், மீதியைத் தோழர்கள் மடித்து முடித்தார்கள் என்றும் நாம் சொல்லி வருகிறோம். 1977இல் எலினர் கோயர் எழுதிய ஆங்கிலக் கதைநூல் பரப்பிய எண் அது. ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் சடாகோவின் அண்ணனும் கூறுவது வேறு: அவள் ஆயிரத்தைக் கடந்துவிட்டாள்; கடந்த பின்னும் மடித்துக்கொண்டே இருந்தாள். இவ்வேறுபாடு சிறியதன்று. 644இல் நின்றால் 'இன்னும் 356 மடித்திருந்தால் பிழைத்திருப்பாளோ' என்று ஒரு குழந்தை எண்ணக்கூடும். ஆயிரத்தைத் தாண்டியும் அவள் இறந்தாள் என்றால், காகிதம் குண்டின் நோயைத் தீர்க்காது என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். கதையை இனிப்பாக்குவதற்காக இதை மறைப்பது எனக்கு உடன்பாடில்லை.

அதைவிடப் பெரிய குறை, கதையை அவள் இறப்போடு முடித்துவிடுவது. அதற்குப் பிறகுதான் நமக்கு வேண்டிய பாடமே இருக்கிறது. அவளுடன் தொடக்கப்பள்ளியில் படித்தவர்கள் அப்போது வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளில் சேர்ந்திருந்தார்கள். தோழிக்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்று தவித்தவர்களிடம், கவமோத்தோ இச்சிரோ என்னும் இளைஞர், குண்டால் இறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்து நினைவுச்சின்னம் எழுப்பலாமே என்றார். அந்த நவம்பரில் நாடெங்கிலுமிருந்து இடைநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்கள் ஹிரோஷிமாவில் ஒரு மாநாட்டுக்குக் கூடினார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தாங்களே எழுதி அச்சிட்ட துண்டறிக்கைகளோடு சென்று ஒவ்வொரு தலைமையாசிரியர் கையிலும் கொடுத்தார்கள். எத்தனை கூர்மையான அறிவு பாருங்கள்! ஒரு தலைமையாசிரியரின் பையில் போன தாள் ஒரு பள்ளியையே எட்டும் அல்லவா? 3,000க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்தும் ஒன்பது வெளிநாடுகளிலிருந்தும் பணம் வந்தது. 1958 மே 5ஆம் நாள், ஜப்பானியச் சிறுவர் தினத்தன்று, ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் சிலை திறக்கப்பட்டது. கொக்கை உயர்த்திப் பிடித்து நிற்கும் அந்தச் சிறுமியின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தவர்களுள் பலர், அதை அரசாங்கம் கட்டியது என்றே எண்ணியிருப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், இப்பாடம் நடந்த மறுநாள் காலையில் ஒரு தந்தையார் என்னைத் தேடி வந்தார். கோபமாக வரவில்லை, கலங்கிய முகத்தோடு வந்தார்.

"டீச்சர், என் பாட்டனாரு சயாமுக்குப் போனவரு. திரும்பி வரல. அவரைப் பிடிச்சுக்கிட்டுப் போனவனுக்காக என் பிள்ளை கொக்கு மடிக்கணுமா?"

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்துவிட்டு அமைதியைப் பற்றிப் பேச நமக்கு வாயில்லை. 1942–43இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இரயில் பாதை போட்டது ஜப்பானியப் படை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டு, காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் பலியானார்கள். காஞ்சனபுரியில் உள்ள நேசநாட்டுப் படையினரின் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. தாங்கள் குண்டால் பட்ட துன்பத்தைச் சொன்ன அளவுக்குத் தங்கள் படை ஆசியாவில் செய்த கொடுமையை ஜப்பானியர் சொல்லவில்லை என்ற குறை நெடுங்காலமாக உண்டு; அது நியாயமான குறை.

அவரிடம் நான் நகாசே தகாஷியைப் பற்றிச் சொன்னேன். அதே இரயில் பாதையில் ஜப்பானியப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். சித்திரவதை அறையிலும் மொழிபெயர்த்தவர். போர் முடிந்ததும் நேசநாட்டினர் கல்லறைகளைத் தேடிச் சென்ற குழுவில் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். காட்டுக்குள் புதைகுழிகளைக் கண்டவருக்கு அதன்பின் மனம் அமையவில்லை. குரஷிக்கி என்னும் ஊரில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியராகப் பிழைத்தார். ஆம், நம் தொழில்தான். ஜப்பானியர் வெளிநாடு செல்லும் கட்டுப்பாடு தளர்ந்ததும் தாய்லாந்துக்குப் போனார்; வாழ்நாளில் 130 முறைக்கு மேல் போனார். பழைய போர்க்கைதிகளையும் ஜப்பானியர்களையும் 1976இல் அந்தப் பாலத்தருகே சந்திக்க வைத்தார். 1986இல் அங்கே ஓர் அமைதிக் கோயில் எழுப்பினார். தாய்லாந்து மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை ஏற்படுத்தினார். சொந்த நாட்டில் அவரைத் தூற்றியவர்களும் உண்டு. 2011இல் மறைந்தார்.

அந்தத் தந்தையார் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு ஆளு செஞ்சா போதுமா டீச்சர்?" என்றார். "போதாது" என்றேன். அவர் பாட்டனாருக்கு அது ஈடாகாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. தம் பிள்ளை கொக்கு மடிக்க வேண்டாம் என்று அவர் சொன்னால் ஏற்றுக்கொள்வதாகவும் கூறினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. பாட்டனாரைப் பற்றி வகுப்பில் தாமே வந்து பேசலாமா என்று கேட்டார். தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்றேன். ஒரு வெள்ளிக்கிழமை வந்து, நடுங்கும் குரலில் இருபது நிமிடம் பேசினார். பாட்டனாரின் பெயர், இருந்த தோட்டம், லயத்தின் வாசலில் நின்று பாட்டி கடைசியாகப் பார்த்தது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாணவர்கள் அசையாமல் கேட்டார்கள்.

அவ்வாண்டிலிருந்து இப்பாடத்தோடு ஒரு வீட்டுப்பாடம் சேர்ந்திருக்கிறது. வீட்டில் உள்ள மூத்தவரிடம், ஜப்பான்காரன் காலத்தில் நம் குடும்பத்தில் யார் சயாமுக்குப் போனார்கள் என்று கேட்டு எழுதி வரவேண்டும். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலைப் பெற்றோர்களுக்கும் பரிந்துரைக்கிறேன். முதல் முறை 27 மாணவர்களுள் நால்வர் விவரம் கொண்டுவந்தார்கள். ஒரு சிறுமியின் தாளில் ஒரு பெயரும் ஒரு தோட்டத்தின் பெயரும் மட்டுமே இருந்தன. அடியில், 'வேறு எதுவும் பாட்டிக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள்.

அந்தத் தாள்களை எல்லாம் ஒரு கோப்பில் கட்டி, வகுப்பறை அலமாரியில், கொக்குகள் இருக்கும் அட்டைப்பெட்டிக்கு அருகில் வைத்திருக்கிறேன். இப்பொழுது கோப்பில் பத்தொன்பது பெயர்கள் உள்ளன. உங்கள் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு இன்னும் சில பாட்டிகளே இருக்கிறார்கள்.